அழிச்சாலும் அழியாது!

ஈ.சி.ஆர். ரோட்டுல பாண்டிச்சேரி போறப்ப மரக்காணம் உப்பளத்தைப் பார்த்திருப்பீங்க. உப்பு விளைஞ்சதும் மிச்சம் நிக்கிற கசப்புத் தண்ணியை வடிச்சு விட்டுடணும். இல்லேன்னா மக்னீசியம் சேர்ந்து உப்பே கசக்கும். உங்க ஃபைனல் இயர் புராஜெக்ட்டும் அப்படித்தான் பாஸ்! கம்பைல் பண்றப்ப குவியுற குப்பை, பாஸ்வேர்டு ஃபைல்... எதுவும் உள்ளே தங்கக் கூடாது.

2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கின 'கிட்'ல இதுக்குன்னே 'கிட்இக்னோர்' ஃபைல் இருக்கு. வேண்டாத ஃபைல் பேரை அதுல எழுதிட்டா, கிட் கண்டுக்காது. ஆனா, ஏற்கெனவே கமிட் பண்ணினதுக்கு இது செல்லாது! அதுக்கு 'கிட் ஆர்எம்' கமாண்டோட 'கேஷ்டு' சேர்த்துப் போட்டு, கமிட் பண்ணுங்க. உங்க கம்ப்யூட்டர்ல ஃபைல் அப்படியே இருக்கும். ஆனா, ஃப்ரெண்ட் அடுத்து 'புல்' பண்றப்ப அவர்கிட்ட இருக்கிறது காணாமப் போயிடும். முன்னாடியே சொல்லிடுங்க.

கைதவறி அழிச்சுட்டீங்களா? பதறாதீங்க. பழைய கமிட்ல இருந்து 'செக்அவுட்' பண்ணி மீட்டுடலாம். இதே வசதிதான் பாஸ்வேர்டு விஷயத்துல வில்லன்! ஃபைலை அழிச்சாலும், பழைய கமிட்டைப் புரட்டினா பாஸ்வேர்டு பல்லிளிக்கும். பப்ளிக்கா ஏத்திட்டீங்கன்னா, முதல் வேலையா பாஸ்வேர்டை மாத்துங்க. ஹிஸ்டரியைச் சுத்தம் பண்றதெல்லாம் அப்புறம்!