அமெச்சூர் என்றால் கத்துக்குட்டி இல்லை

போன ஞாயிறு மாலை அக்கா வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அக்கா மகள் பத்தாம் வகுப்பு, பள்ளிக் கைப்பந்து அணியில் ஆடுகிறாள். போனில் எதையோ படித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து கேட்டாள்: "மாமா, ரோஸ் ஜாங்னு ஒரு கோல்ஃப் பொண்ணு. 141 வாரம் உலக நம்பர் ஒன் அமெச்சூரா இருந்தாளாம். நம்பர் ஒன்னுங்கறாங்க, அமெச்சூர்ங்கறாங்க. அப்ப நல்லா ஆடுவாளா, மாட்டாளா?"

நியாயமான கேள்விதான். நம்மிடம் அமெச்சூர் என்ற சொல் எப்படியோ 'கத்துக்குட்டி' என்ற பொருளுக்கு வந்து சேர்ந்துவிட்டது. பிரெஞ்சில் அதன் மூலப்பொருள் 'விரும்புகிறவர்'. அந்தப் பொருளுக்கு நம்மிடமே உதாரணம் உண்டு: 1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். பம்மல் வக்கீல், பிற்பாடு நீதிபதி. சபையில் அவரோடு மேடையேறியவர்களும் படித்தவர்கள், உத்தியோகத்தில் இருந்தவர்கள். நாடகம் அவர்களுக்குப் பிழைப்பு அல்ல. அதற்காக நடிப்பில் யாருக்கும் இளைத்தவர்கள் என்றும் ஆகிவிடவில்லை. அமெச்சூர் நாடகம் என்ற பேச்சு நம்மிடம் அந்த வழியில் வளர்ந்ததுதான்.

கோல்ஃபிலும் அதே பொருள். சிறு வரம்புக்கு மேல் பரிசுப் பணம் வாங்காமல் ஆடுகிறவர் அமெச்சூர். திறமையின் அளவை அந்தச் சொல் சொல்வதே இல்லை. 2020-ல் ஏஎன்ஏ இன்ஸ்பிரேஷன் என்ற பெரிய தொழில்முறைப் போட்டியில் ரோஸ் ஜாங் ஆடினார். அப்போது வயது 17. உலகின் தலைசிறந்த வீராங்கனைகள் கூடிய களத்தில் 11-ஆவது இடத்தைப் பகிர்ந்துகொண்டார். அவருக்குக் கீழே வந்தவர்கள் காசோலை வாங்கிப் போனார்கள். அவர் வெறுங்கையோடு வீடு திரும்பினார்.

வீடு கலிஃபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலஸை அடுத்த ஆர்கேடியா. 2003 மே மாதம் பிறந்தவர். பெற்றோர் சீனாவிலிருந்து குடியேறியவர்கள். கோல்ஃப் மட்டையைக் கையில் எடுத்தபோது ஒன்பது வயது. மூன்று, நான்கு வயதிலேயே பிள்ளைகளைப் பழக்கிவிடும் இந்த விளையாட்டில் அது சீக்கிரம் என்று சொல்ல முடியாது.

அவரை உலகம் திரும்பிப் பார்த்தது 2020 ஆகஸ்டில், அமெரிக்க மகளிர் அமெச்சூர் போட்டியில். அதை விளக்க அக்கா வைத்திருந்த மாரி பிஸ்கட் தட்டை முன்னால் இழுத்துக்கொண்டேன். தொலைக்காட்சியில் நாம் பெரும்பாலும் பார்ப்பது மொத்த அடிகளை எண்ணும் ஆட்டம். ஸ்ட்ரோக் பிளே என்பார்கள். நான்கு நாள் ஆடி, யார் குறைந்த அடிகளில் முடித்தாரோ அவருக்கு வெற்றி. அமெச்சூர் பட்டத்துக்கு அப்படி ஆடித் தகுதி பெற்ற பிறகு, ஒருவரோடு ஒருவர் நேருக்கு நேர் மோத வேண்டும். அது மேட்ச் பிளே. ஒவ்வொரு குழியும் ஒரு பிஸ்கட். அந்தக் குழியைக் குறைந்த அடிகளில் முடித்தவர் பிஸ்கட்டைத் தன் பக்கம் வைத்துக்கொள்வார். சமமாக முடித்தால் யாருக்கும் இல்லை. மூன்று பிஸ்கட் முன்னிலையில் இருக்கிறாய், மிச்சம் இரண்டு குழிதான் என்றால் எதிராளி என்ன செய்தாலும் எட்ட முடியாது, ஆட்டம் அங்கேயே முடிந்தது. செய்தியில் அதை 'மூன்றுக்கு இரண்டு' என்று போடுவார்கள்.

"ஒரு குழியில பத்து அடி அடிச்சிட்டா?" என்றாள்.

போகட்டும், ஒரே ஒரு பிஸ்கட்தானே போகும். மொத்த அடி ஆட்டத்தில் அந்தப் பத்து அடி கடைசி நாள் வரை கூடவே வரும். இங்கே அடுத்த குழிக்கு நடக்கும்போது கணக்கு புதிது. ஆனால் எதிராளி பக்கத்திலேயே நடந்து வருகிறார், உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு. அதுதான் இதில் கஷ்டம்.

மேரிலாந்தில் உட்மான்ட் கிளப்பில் நடந்த இறுதி ஆட்டத்தில் ரோஸின் எதிரே நின்றவர் முந்தைய ஆண்டின் சாம்பியன், ஆஸ்திரேலியாவின் கேப்ரியேலா ரஃபல்ஸ். அவருடைய அப்பா ரே ரஃபல்ஸ் பெயர் பெற்ற டென்னிஸ் வீரர். இறுதி ஆட்டம் வழக்கமான 18 குழி அல்ல, 36. ஒரே நாளில் இரண்டு சுற்று. ரோஸுக்கு அப்போது மணிக்கட்டுக் காயம் வேறு. 36 குழியும் ஆடி முடித்தபோது இருவரும் சமம். தட்டில் இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை. 37-ஆவது குழியும் சமம். 38-ஆவதில்தான் ரோஸ் வென்றார். மறு ஆண்டு அமெரிக்கச் சிறுமியர் ஜூனியர் பட்டத்தையும் எடுத்தார். அந்த இறுதி ஆட்டம் ஆறுக்கு நான்கு என்று சுலபமாகவே முடிந்துவிட்டது.

அந்த நேரத்தில் அவர் தொழில்முறைக்குப் போயிருந்தால் யாரும் தவறு சொல்லியிருக்க மாட்டார்கள். நம் பெங்களூரு அதிதி அசோக் அப்படித்தான் செய்தார். 2015-ல் பிரிட்டிஷ் மகளிர் அமெச்சூர் ஸ்ட்ரோக் பிளே பட்டம், 2016 ஜனவரி 1-ஆம் தேதி தொழில்முறை. அப்போது அதிதிக்கு 17 வயது. அதே ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் ஆடினார், மகளிர் இந்திய ஓப்பனையும் வென்றார். ரோஸ் 2021-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அமெரிக்காவில் கல்லூரி கோல்ஃப் தனி உலகம். பயிற்சி, பயணம், போட்டி எல்லாம் பல்கலைக்கழகச் செலவு. இரண்டே ஆண்டுகளில் அவர் ஆடிய கல்லூரிப் போட்டிகள் 20, வென்றவை 12. அதே ஸ்டான்ஃபோர்டில் டைகர் உட்ஸ் வென்றவை 11. தேசியக் கல்லூரித் தனிநபர் பட்டத்தை இரண்டு முறை வென்ற முதல் பெண்ணும் ரோஸ்தான்.

காசே வரவில்லையா என்றால், வந்தது. 2021-ல் அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று விதி தளர்ந்தது. 2022 தொடக்கத்தில் கோல்ஃபின் அமெச்சூர் விதிகளும் மாறின. அந்த ஆண்டே அடிடாஸ் அவரோடு ஒப்பந்தம் போட்டது. விளம்பரப் பணம் வாங்கலாம். போட்டியின் பெரிய பரிசுப் பணம் மட்டும் கூடாது.

என்னைக் கேட்டால், அந்த அமெச்சூர் ஆண்டுகள் அவருக்குக் கொடுத்த பெரிய கொடை தோற்பதற்கான இடம். அகஸ்டா நேஷனல் மகளிர் அமெச்சூர் போட்டியைப் பாருங்கள். அந்த மைதானத்தை உருவாக்கிய பாபி ஜோன்ஸும் வக்கீல், ஓய்வு பெறும் வரை அமெச்சூராகவே ஆடியவர். பம்மலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவரும் நினைவுக்கு வருவார். அந்தக் கிளப் முதல் பெண் உறுப்பினர்களைச் சேர்த்ததே 2012-ல்தான். பெண்களுக்கான இந்தப் போட்டி 2019-ல் தொடங்கியது. 2021-ல் ரோஸ் அங்கே வெற்றியின் வாசலில் நின்றார். 5 அடிகளில் முடிக்க வேண்டிய 13-ஆவது குழியில் 8 அடிகள். ஒரே ஓர் அடியில், சமமாக முடித்தவர்கள் மோதும் பிளே-ஆஃப் வாய்ப்பு போனது. அடுத்த ஆண்டும் கைகூடவில்லை. 2023-ல் முதல் இரண்டு சுற்றில் 66, 65 என்று பறந்தார். கடைசிச் சுற்றில் 76. கையில் இருந்த முன்னிலை அத்தனையும் கரைந்து, ஜென்னி பேயோடு பிளே-ஆஃப். இரண்டாவது குழியில் வென்றார். பிழைப்புக்கு ஆடுகிறவருக்கு 2021-ன் அந்த எட்டு அடி ஒரு மாதச் செலவையே தின்றிருக்கும். படிக்கிற பெண்ணுக்கு அது மனத்தில் மட்டுமே வலித்தது.

2023 மே மாத இறுதியில் தொழில்முறைக்கு வந்தார். முதல் போட்டி ஜெர்சி சிட்டியில், சுதந்திர தேவி சிலை தெரியும் லிபர்ட்டி நேஷனல் மைதானத்தில். மறுபடியும் பிளே-ஆஃப். எதிரே ஜெனிஃபர் கப்சோ, 2019-ல் அகஸ்டாவின் அந்த முதல் பட்டத்தை வென்றவர். இரண்டாவது குழியில் ரோஸுக்கு வெற்றி. மகளிர் தொழில்முறைச் சுற்றான எல்பிஜிஏவில் தொழில்முறையாளராக ஆடிய முதல் போட்டியையே வெல்வது 1951-ல் பெவர்லி ஹான்சனுக்குப் பிறகு அப்போதுதான் நடந்தது. காசோலை 4,12,500 டாலர். அடுத்த குளிர்காலத்தில் அவர் மறுபடி ஸ்டான்ஃபோர்டு வகுப்பில் உட்கார்ந்திருந்தார்.

டீ ஆறிப்போயிருந்தது. அக்கா மகள் மிச்சமிருந்த பிஸ்கட்டுகளைத் தட்டின் இரண்டு பக்கமும் சமமாக அடுக்கினாள்.

"அந்த 38-ஆவது குழியை இன்னொரு தடவை சொல்லுங்க மாமா."