மழைக்காலத்தில் மாம்பழ ஈ எங்கே போகிறது?

மாங்காய் சீசன் முடிஞ்சதும் மம்சாபுரம் பக்கம் ஒரு பேச்சு கேட்கும்: "இந்த வருஷத்துப் புழு போச்சு, மிச்சத்தை ஐப்பசி மழை பாத்துக்கிடும்." அடுத்த சித்திரையில் சப்பட்டையும் பஞ்சவர்ணமும் திரளும்போது அதே ஈ வந்து உட்காருகிறது. வியாபாரி நாலு காயை அறுத்துப் பார்த்து, ஒன்றில் புழு நெளிந்தால் மொத்தத் தோப்புக்கும் விலையை இறக்கிவிடுகிறார். அப்படியானால் இடைப்பட்ட மாதங்களில் ஈ எங்கே இருந்தது?

குளிர் நாடுகளில் இதற்கு விடை மண்ணுக்குள் இருக்கிறது. ஐரோப்பாவின் செர்ரி ஈ, அமெரிக்காவின் ஆப்பிள் ஈ இரண்டுக்கும் வருஷத்துக்கு ஒரே தலைமுறைதான். புழு பழத்தை விட்டு இறங்கி, மண்ணில் கூட்டுப்புழுவாகி, வளர்ச்சியை நிறுத்திவிட்டுப் பனிக்காலம் முழுக்க உறங்கும். போதுமான குளிர் பட்ட பிறகே அந்த உறக்கம் கலையும். சில கூடுகள் 2 குளிர்காலம்கூடக் கிடப்பதுண்டு.

நம்ம ஊர் ஈக்கு அந்த உறக்கமே கிடையாது. தோலுக்கடியில் இட்ட முட்டை ஓரிரு நாளில் பொரியும். புழு ஒரு வாரம், பத்து நாள் சதையைத் தின்னும். பிறகு மண்ணில் ஓரிரு அங்குலம் இறங்கிக் கூடு கட்டி, ஏறக்குறைய பத்து நாளில் ஈயாகிவிடும். மா முடிந்தால் கொய்யா, அதுவும் இல்லாவிட்டால் சப்போட்டா, வீட்டு வாசலில் நிற்கும் நாட்டு வாதாம் என்று மாறிமாறிப் பிழைத்துக்கொள்ளும்.

இது தெரிந்தால் வேலை செய்யும் காலமும் மாறும். தை மாதம் மாமரத்தடியைக் கொத்திக் கூட்டுப்புழுவை வெயிலில் போடுகிறேன் என்பதில் அர்த்தமில்லை. அது எப்போதோ பறந்து போயிருக்கும். கொத்த வேண்டியது காய் விழுகிற காலத்தில். கோழிகளையும் அப்போதே உள்ளே விடுங்கள், கிளறித் தின்னும். விழுந்த பழத்தைத் தினமும் பொறுக்கி 2 அடி ஆழத்தில் புதையுங்கள். எருக்குழியில் மேலாகக் கொட்டினால் நாமே ஈ வளர்த்த கணக்குத்தான். செண்பகத்தோப்புப் பக்கம் சாம்பல் நிற அணில் கடித்துப் போடும் காய்களையும் சேர்த்தே பொறுக்க வேண்டும். (அணிலைக் குறை சொல்லாதீர்கள், காடு அதனுடையது.)

பொறி விஷயத்தில் ஒன்று சொல்லணும். 1910களில் பீகார் மாநிலம் பூசாவில் ஹவ்லெட் என்ற பூச்சியியலாளர், மீத்தைல் யூஜினால் ஆண் ஈக்களை இழுப்பதைக் கண்டறிந்தார். நம் துளசியிலும் அது இருக்கிறது. துளசியைக் கசக்கிச் சிரட்டையில் தண்ணீரோடு வைத்தால் ஈ வரும், ஆனால் வாசம் சீக்கிரம் போய்விடும், அடிக்கடி மாற்றணும். பாகல், பீர்க்கில் வரும் ஈ வேறு இனம். அதற்கு இந்தக் கவர்ச்சி வேலை செய்யாது, கியூலூர் வேண்டும்.

பொறியில் சிக்குவது ஆண் மட்டுமே. பக்கத்துத் தோப்பிலிருந்து முட்டையோடு வரும் பெண் ஈயை அது தடுக்காது. அதனால் ஆடி, ஆவணியிலேயே கொய்யா வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் போய்ப் பேசுங்கள். அவர் மரத்தில் நம் செலவில் நாலு பொறி கட்டினாலும் நமக்கு நஷ்டமில்லை. அவர் விழுந்த கொய்யாவைப் பொறுக்கச் சம்மதித்தால் அதைவிட நல்லது.