வளவுக்குள் வரும் எறும்பு: முதலில் இனம் காண்போம்

எறும்பெல்லாம் ஒரு பிரச்சினையா என்று சிலர் கேட்கலாம். பத்துக் கோழிக்குஞ்சுகளை நம்பிக் குடும்பம் நடத்தும் பெண் அப்படிக் கேட்கமாட்டார். மதுரங்குளிப் பக்கத்தில் வீடு வீடாகச் செல்லும்போது, கடனுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் அடுத்தபடியாக நான் கேட்பது எறும்புத் தொல்லையைத்தான். "மிஸ், ராவைக்குக் கூட்டுக்குள்ள புகுந்து குஞ்சுட கண்ணத்தான் தாக்குது" என்றார் ஒரு ராத்தா. அதற்காக அவர் வாங்கி வைத்திருந்த தோட்டப் பூச்சிநாசினி, ஒரு குளிர்பானப் போத்தலில் இருந்தது. குசினி மூலையில், சிறு பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில். எறும்பைவிட அந்தப் போத்தல்தான் எனக்குப் பயத்தைத் தந்தது.

எது எந்த எறும்பு?

எல்லா எறும்பும் எதிரியல்ல. மாமரத்தில் இலைகளை ஒட்டிக் கூடு கட்டும் முசுறு நம் நாட்டுக்கு உரியது. கடித்தாலும், மரத்திலுள்ள பூச்சிகளைத் தின்று உதவுகிறது.

கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, மஞ்சள் பைத்திய எறும்பு. மஞ்சள் கலந்த பழுப்பு நிறம், மெலிந்த உடல், நீண்ட கால்கள். வரிசையாகப் போகாமல் தாறுமாறாக ஓடும். கொட்டாது, அமிலத்தைப் பீச்சும். அதனால்தான் கண்கள் பாதிக்கப்படுகின்றன. 2022இல் தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில், கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் இவை பெருகியபோது ஆடு மாடுகளின் கண்கள் பாதிக்கப்பட்டதாக மக்கள் முறையிட்டார்கள்.

இரண்டாவது, நெருப்பெறும்பு. செம்பழுப்பு நிறம். ஒரே புற்றில் சிறியதும் பெரிய தலையுள்ளதுமாகப் பல அளவுகளில் இருக்கும். வெயில்படும் மண்ணில் புற்று வைக்கும். கொட்டினால் தீயாய் எரியும். இதன் பூர்வீகம் அமெரிக்கா. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியக் கப்பல்கள் ஏற்றிவந்த மண்ணோடு மெக்சிக்கோவிலிருந்து மணிலாவுக்கு வந்து, ஆசியாவில் பரவியது.

எங்கள் கூட்டமொன்றில் ஒருவர் இவற்றை "வந்தேறி எறும்பு" என்றார். 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இங்கு வந்த சகோதரிகளின் முகம் வாடியது. அன்று முதல் "பரவும் எறும்பு" என்றே சொல்கிறோம். வேறிடத்திலிருந்து வந்தது குற்றமல்ல. மற்ற உயிர்களை வாழவிடாமல் பெருகுவதுதான் இங்கே சிக்கல்.

மருந்தடித்தால் ஏன் தீர்வதில்லை?

நாம் காண்பது வேலைக்கார எறும்புகளை மட்டுமே. முட்டையிடும் இராணிகள் கூட்டுக்குள் இருக்கின்றன. மஞ்சள் எறும்பின் கூட்டில் பல இராணிகள் உண்டு. மருந்தடித்தால் வெளியே நிற்பவை சாகும். கூடு அப்படியே இருக்கும். எனவே வேலைக்கார எறும்பே நஞ்சை உள்ளே கொண்டுபோய் ஊட்ட வேண்டும்.

ஒரு கப் (200 மி.லீ.) தண்ணீரில் ஐந்து தேக்கரண்டி சீனியும், மட்டமாக அரைத் தேக்கரண்டி போரிக் அமிலத் தூளும் கரையுங்கள். தூள் கூடினால் எறும்பு வழியிலேயே செத்துவிடும். பஞ்சில் நனைத்து, சிறு துளையிட்ட மூடியுள்ள டப்பாவில் இட்டு, எறும்பு போகும் பாதையில் வையுங்கள். சில நாட்களுக்கொரு முறை மாற்றுங்கள். பலன் தெரியச் சில கிழமைகள் ஆகும். இதுவும் நஞ்சுதான். பிள்ளைகளுக்கும் கோழிகளுக்கும் எட்டாமல் வைத்து, டப்பாவில் "நஞ்சு" என்று எழுதுங்கள்.

நெருப்பெறும்புப் புற்றுக்குக் காலையில் கொதிநீர் ஊற்றலாம். ஒரு முறை போதாது. பிள்ளைகள் அருகில் நிற்கக் கூடாது.

உணவை நிறுத்துங்கள்

பப்பாசியிலும் கொய்யாவிலும் ஒட்டியிருக்கும் வெள்ளை மாவுப்பூச்சி விடும் இனிப்புக் கழிவே மஞ்சள் எறும்புக்குச் சோறு. சவர்க்கார நீர் தெளித்து அதைக் கழுவுங்கள். இந்து சமுத்திரத்திலுள்ள கிறிஸ்மஸ் தீவில் இவ்வெறும்பு கோடிக்கணக்கான செந்நண்டுகளைக் கொன்றது. அங்கும் எறும்புக்கு இனிப்புத் தரும் செதிற்பூச்சியை ஒழிக்கவே, 2016இல் மலேசியாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள்.

கோழிக்கூட்டின் கால்களில் கிறீஸ் பூசுங்கள். தண்ணீர்ப் பேணி வைத்தால் அதில் டெங்கு நுளம்பு பெருகும். வெளியிலிருந்து வாங்கும் பூச்சாடி, மண், கிடுகு, விறகு ஆகியவற்றைத் தட்டிப் பார்த்த பின்பே உள்ளே எடுங்கள்.

கண்ணில் அமிலம் பட்டால் சுத்தமான நீரால் நீண்ட நேரம் கழுவுங்கள். நெருப்பெறும்பு கொட்டிய பின் மூச்சு முட்டினால், உதடு வீங்கினால், தலை சுற்றினால் தாமதிக்க வேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பிள்ளை பூச்சிநாசினியைக் குடித்துவிட்டாலும் அதே இலக்கம்தான். வாந்தியெடுக்க வைக்காதீர்கள்; போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள்.

சகோதரிகளே, எறும்புக்கு வேலி தெரியாது. ஒரு வீட்டில் மட்டும் செய்தால் பக்கத்து வளவிலிருந்து திரும்பி வரும். ஐந்தாறு வீட்டுப் பெண்கள் ஒரே கிழமையில் சேர்ந்து தொடங்குங்கள். போரிக் தூளைப் பங்கிட்டு வாங்கினால் செலவும் குறையும். ஆனால் முதல் வேலையாக, வீட்டில் குளிர்பானப் போத்தலில் பூச்சிநாசினி இருந்தால் அதை இன்றைக்கே வீட்டை விட்டு அகற்றுங்கள்.