வரி ரசீது, கரண்ட் பில், பி மெமோ எல்லாம் இருந்தும் வாய்க்கால் கரைக்கு பட்டா கிடைக்காதது ஏன்?

தஞ்சாவூர் பக்கம் வாய்க்கால் கரையில் தாத்தா காலத்திலிருந்து குடியிருப்பவர்களிடம் கேட்டால், ஒரு கத்தை பேப்பரை எடுத்துக் காட்டுவார்கள். வீட்டு வரி ரசீது, கரண்ட் பில், ரேஷன் கார்டு, கூடவே பத்திரமா மடிச்சு வெச்ச 'பி மெமோ'. பட்டாவுக்கு முந்தின படி இதுதான் என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால், விஷயம் நேர்மாறு. 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி, 'நீங்க இருக்கிறது அரசு நிலம்' என்று சொல்லி வருவாய்த் துறை அபராதம் கேட்கும் நோட்டீஸ்தான் பி மெமோ.

எல்லா புறம்போக்கும் ஒண்ணா?

இல்லை. ஆட்சேபனையற்ற புறம்போக்கில் பல வருஷமாக வீடு கட்டி இருப்பவர்களுக்கு அரசு அவ்வப்போது வரன்முறை செய்து பட்டா கொடுக்கிறது. ஏரி, குளம், வாய்க்கால், ஆற்றங்கரை எல்லாம் ஆட்சேபனைக்குரியவை. நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லி 2005-ல் எல்.கிருஷ்ணன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ரொம்ப வருஷமா இருக்கோம், நிறைய செலவு பண்ணி கட்டியிருக்கோம் என்பதெல்லாம் காரணமாகாது என்று 2011-ல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அது பஞ்சாபில் ஒரு ஊர்க்குளத்தைப் பற்றிய வழக்கு.

ஏன் இவ்வளவு கறார்?

மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து, கடைசியில் சின்னச் சின்ன வாய்க்கால் வழியாத்தான் வயலுக்குப் போகுது. நடுவில் ஓரிடத்தில் கரை குறுகினாலும் கடைமடைக்குத் தண்ணி எட்டாது. வடிகால் அடைபட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பா பயிர் மூழ்கிவிடும்.

உடனே இடிச்சிடுவாங்களா?

முடியாது. பொதுப்பணித் துறை ஏரிகளுக்கென்று 2007-ல் தனிச் சட்டம் இருக்கிறது. அதன்படி முதலில் சர்வே எடுத்து எல்லை குறிக்க வேண்டும், பிறகுதான் நோட்டீஸ். மற்ற நீர்நிலைகளுக்கு அதே 1905 சட்டம். அதிலும் விளக்கம் கேட்காமல் அகற்ற முடியாது. நோட்டீஸ் வந்தால் கெடுவுக்குள் எழுத்துபூர்வமா பதில் கொடுங்க. சர்வே எண்ணில் சந்தேகம் இருந்தால் அதையும் எழுதுங்க. மாற்று இடம் கேட்டு திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம்.

நடைமுறையில் புல்டோசர் முதலில் போவது கூரை வீடுகளுக்குத்தான் என்ற கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஏரியில் அரசே கட்டிய கதையும் உண்டு. சென்னை வள்ளுவர் கோட்டம் நிற்பதே பழைய நுங்கம்பாக்கம் ஏரியில்தான்.

புதுசா இடம் வாங்கப் போறீங்களா? அரசின் நில ஆவண இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு 'அ' பதிவேட்டைப் பாருங்க. 'குளம்', 'வாய்க்கால்', 'ஓடை' என்று இருந்தால் அட்வான்ஸ் கொடுக்காதீங்க.