மப்பு தெளிய மாத்திரையா?

குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் முந்திரித் தோப்புக்கும், நெய்வேலிச் சுரங்கத்தில் ஒப்பந்த வேலைக்கும் போகும் நம் மக்களுக்கு ஒருநாள் படுத்துவிட்டால் ஒருநாள் கூலி போச்சு. அதனால்தான் இரவு குடித்தவர், விடிந்ததும் மப்பு தெளிய வழி தேடுகிறார். மோர், எலுமிச்சைச் சாறு, தலைவலி மாத்திரை என்றிருந்த இந்தத் தேடலில் இப்போது 'கல்லீரலைச் சுத்தமாக்கும்' என்ற விளம்பரத்தோடு சத்து மாத்திரைகளும் பொடிகளும் சேர்ந்துள்ளன. இவற்றால் பயன் உண்டா?

கல்லீரலின் கணக்கு

ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி பிராந்தியில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. கல்லீரல் ஒரு மணி நேரத்தில் 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். இரவு 9 மணிக்குக் குடித்தது முழுவதும் கரைய விடியற்காலை 3 மணியாவது ஆகும். சிலருக்கு 6 மணியை நெருங்கும். அதுவரை சுரங்கத்திலோ வண்டியிலோ கை தடுமாறும் ஆபத்து உண்டு.

இந்த வேகத்தைக் கூட்டுவதாக உறுதிப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் இத்தகைய மருந்துகள் பற்றிய 21 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, எதற்கும் நம்பத்தக்க சான்று இல்லை என்று 2022-ல் சொன்னார்கள். நம் நாட்டில் சத்து மாத்திரைகள் உணவு என்ற பெயரில்தான் உரிமம் பெறுகின்றன. 'மருந்தாகப் பயன்படுத்த அல்ல' என்று அட்டையிலேயே அச்சிட வேண்டும் என்பது விதி. வாங்கும் முன் படித்த பிள்ளைகள் அதை வீட்டாருக்குப் படித்துக் காட்டலாம்.

மோரும் தண்ணீரும் உடல் இழந்த நீரைத் தரும், போதையை இறக்காது. தொடர்ந்து குடிப்பவர் பாராசிட்டமாலை அதிகம் விழுங்கினால் கல்லீரலே கெடும். குடிப்பவர்களுக்கு வைட்டமின் பி1 குறைவது உண்மைதான். அதற்கு மருத்துவர் தரும் சிகிச்சையும் வேளாவேளைக்குச் சோறும் வேண்டும். விளம்பரப் பொடி போதாது.

தலைவலி என்று இருந்துவிடாதீர்கள்

2024 ஜூனில் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் கூலி வேலை செய்தவர்கள்; தலித்துகள் ஏராளம். மெத்தனால் உடனே தன் வேலையைக் காட்டாது. அரை நாள், ஒரு நாள் கழித்துத்தான் தலைவலி, வாந்தி, வயிற்றுவலி தொடங்கும். பார்ப்பதற்கு வழக்கமான மப்புபோலவே இருக்கும். உள்ளே அது ஃபார்மிக் அமிலமாகிக் கண் நரம்பைக் கெடுக்கும். பார்வை மங்கினாலோ மூச்சு வாங்கினாலோ மாத்திரை தேடி நிற்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். குடித்தது சாராயம் என்பதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. மாற்று மருந்தும் டயாலிசிஸும் உயிரைக் காக்கும், தாமதம்தான் கொல்லும்.

இறந்தவர்களையே 'குடிகாரர்கள்' என்று பழிப்பது எளிது. மலிவான சாராயம் நம் தெருவைத் தேடி வருவது ஏன் என்று கேட்பவர்கள் குறைவு. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் ஏற்றபோது அம்பேத்கர் மக்களோடு எடுத்த 22 உறுதிமொழிகளில் மது அருந்தமாட்டேன் என்பதும் ஒன்று. விடுதலை வேண்டுவோர்க்குத் தெளிந்த தலையும், பிள்ளையின் படிப்புக்கு மிஞ்சும் கூலியும் தேவை என்றே நாம் அதைப் புரிந்துகொள்கிறோம்.

பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு வரலாம். ஆகவே அரசு மருத்துவமனையில் சொல்லிவிட்டு நிறுத்துவதே நல்லது. போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்களுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். மாத்திரைக்குக் கொடுக்கும் காசு மிச்சம்.