கைக்கடிகாரத்துக்கும் வயதாகிறது

பிள்ளைகள் வெளியூரிலிருந்து அனுப்பிய ஸ்மார்ட் வாட்ச் நான்கைந்து வருடம் ஓடிவிட்டது. "இனி இதற்குப் புதிய மென்பொருள் வராது" என்கிறார்கள். மாற்றிவிட வேண்டுமா? நம்மவர் வீடுகள் பலவற்றில் இன்று இந்தக் கேள்வி இருக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் எங்கள் வீட்டிலும் எழுந்தது. விசாரித்துத் தெரிந்துகொண்டதை அன்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

எச்.எம்.டி. கடிகாரம் கட்டிய தலைமுறைக்கு இது புதிர்தான். 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு பெங்களூரில் தொடங்கியது அந்தத் தயாரிப்பு. எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை 2016-ல் முடிவெடுத்தது. ஆனாலும் சாவி கொடுத்தால் அந்தக் கடிகாரம் இன்றும் ஓடுகிறது. ஸ்மார்ட் வாட்ச் அப்படியல்ல. செய்தவரையும் கைப்பேசியையும் நம்பி வாழ்கிறது. பெப்பிள் என்ற கடிகாரத்தின் இணையச் சேவைகள் 2018 ஜூன் மாதத்தோடு நின்றன. ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து ரீபிள் என்ற பெயரில் அவற்றுக்கு மாற்று ஏற்பாடு செய்தார்கள்.

ஆனால் சேவை நிற்பது வேறு, புதிய மென்பொருள் வராதது வேறு. அப்பா கட்டியிருப்பது 2019-ல் வந்த ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 5. 2024-ல் வெளியான வாட்ச் ஓ.எஸ். 11, சீரிஸ் 6-க்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும்தான். அதனால் அப்பாவின் கடிகாரம் நின்றுவிடவில்லை. மணி காட்டுகிறது, நாடி பார்க்கிறது. புதிய வசதிகள் வராது, அவ்வளவே. பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பது நாளடைவில் குறையும். சில செயலிகளும் ஒவ்வொன்றாக விலகும்.

அப்பா விடியற்காலையில் காவிரிப் படித்துறைக்குப் போகிறவர். வழுக்கி விழுந்தால் தெரிய வேண்டும் என்றுதான் தங்கை இதை அனுப்பினாள். பலமாக விழுந்து ஒரு நிமிடம்போல அசையாமல் கிடந்தால், கடிகாரமே அவசர உதவிக்கு அழைக்கும். ஆனால் அப்பாவினுடையது தனி சிம் வசதி இல்லாத வகை. பக்கத்தில் கைப்பேசி இருந்தால்தான், அல்லது பழகிய வைஃபை இருந்தால்தான் அழைப்பு போகும். ஆற்றங்கரையில் வைஃபைக்கு எங்கே போவது? அவரோ கைப்பேசியைப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டுப் போகிறார்! இதே வகையில் புத்தம் புதிது வாங்கினாலும் இந்தக் குறை தீராது. இடுப்பில் கட்டும் சிறு பை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். "நனைஞ்சா உன் பொறுப்பு" என்று முணுமுணுத்தாலும் கட்டிக்கொள்கிறார்.

அடுத்தது பேட்டரி. என் அபிப்பிராயத்தில் மென்பொருளைவிட இதுதான் முக்கியம். மாலைக்குள் உயிர்விடும் கடிகாரம் இரவில் யாரைக் காக்கும்? அமைப்புகளில் பேட்டரி ஆரோக்கியம் என்ற இடத்தில் சதவீதம் தெரியும். 80-க்குக் கீழே போய்விட்டால் பேட்டரியை மாற்ற விசாரிக்கலாம். ஆப்பிளில் விற்பனை நின்று 5 ஆண்டு வரை உதிரிபாகம் உண்டு. அதன்பின் கையிருப்பைப் பொறுத்தது. சீரிஸ் 5-க்கு அந்த ஐந்தாண்டு 2025-ல் முடிந்துவிட்டது. ஆகவே தாமதிக்காமல் கேட்பது நல்லது. கிடைத்தால் பேட்டரி, கிடைக்காவிட்டால் தனி சிம் வசதியுள்ள கடிகாரம் என்று எங்கள் வீட்டில் தீர்மானித்திருக்கிறோம்.

கடிகாரத்தாலேயே பணம் கட்டுகிறவர்களும், அலுவலகக் கடிதங்களை அதில் பார்க்கிறவர்களும் இவ்வளவு யோசிக்க வேண்டாம். பாதுகாப்பு முக்கியம், மாற்றிவிடலாம். கைப்பேசியையும் சேர்த்து மாற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: ஆப்பிள் கடிகாரம் ஆண்ட்ராய்டு கைப்பேசியோடு சேராது. 2021-ல் வந்த கேலக்ஸி வாட்ச் 4 முதலான சாம்சங் கடிகாரங்கள் ஐபோனோடு சேரா.

பழையதை மருமகனுக்கோ வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கோ கொடுப்பதானால், முதலில் உங்கள் கைப்பேசியிலிருந்து முறைப்படி இணைப்பை நீக்கிவிடுங்கள். நீக்காமல் கொடுத்தால் ஆப்பிள் கடிகாரம் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டே இருக்கும். பாவம், அவர்களுக்கு அது பயன்படாது.