ஸ்டீயரிங் உதறுகிறதா? டேம்பரை மாற்றும் முன் இதைப் பாருங்க

பகாவ் செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் ஒழுங்காக ஓடும் உங்க பழைய ஜிம்னி, கோலப்பிலா சாலையில் வேகமெடுத்ததும் ஸ்டீயரிங்கை உதறுகிறதா? பிரேக்கைத் திடீரென மிதிக்காதீங்க. ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்க.

காரணம் எங்கே?

முதலில் ரிம்மில் காய்ந்த சேற்றைக் கழுவுங்க. டயர் காற்று, பேலன்சிங் பாருங்க.

அடுத்து, பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்க. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்க. ஆடினால், ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்க. ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங்பின் பேரிங் தேய்ந்திருக்கலாம். பக்கவாட்டில் மட்டும் ஆடினால் டை ராட் எண்டைப் பாருங்க.

ஸ்டீயரிங் டேம்பரை மட்டும் மாற்றினால் உதறல் கொஞ்ச நாள் அடங்கும். தேய்மானம் உள்ளே வளரும்.